சென்னை இடிமழையைப் படமெடுக்க: மின்னலுக்கு ஒரு கணக்கு, நகரத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி இதுதான்: பெருங்குடியில் பத்தாவது மாடி வீடு. மேற்குப் பார்த்த பால்கனி. எதிரே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதற்கு அப்பால் வேளச்சேரிப் பக்கத்து விளக்குகள். கையில் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் போட்ட ஒரு டி.எஸ்.எல்.ஆர்., ஒரு டிரைபாட். போன வாரத்து இடிமழையை எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 800, 30 வினாடி என்று வைத்து ஒரு மணி நேரம் எடுத்தும், பாதி மின்னல் பதியவே இல்லை. பதிந்ததும் வெளிறிப்போய் இருக்கிறது. தப்பு எங்கே? மொட்டை மாடிக்குப் போய் எடுத்தால் சரியாக வருமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் உயரமான கட்டடம், அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், டிஷ், பக்கத்தில் உலோக டிரைபாடோடு ஓர் ஆள். மின்னல் இறங்க இதைவிடத் தோதான இடம் இருக்காது. மழை தலைக்கு மேல் வந்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேல் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். மெரினா மணலுக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

பால்கனியிலும் நிற்க வேண்டாம். டிரைபாடை ஹாலுக்குள், பால்கனிக் கதவிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். கேமரா தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், பக்கவாட்டில் சாயாமல் இருக்கட்டும். பால்கனி நாலடி அகலம், கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி உயரம் என்றால், 35 மி.மீ.-ல் அந்தச் சுவர் படத்துக்குள் வராது. ஹால் விளக்கை அணைத்துவிடுங்கள். கிரில்லையும் ஈரச் சுவரையும் தொடாதீர்கள். கேமராவையோ போனையோ சார்ஜரில் மாட்டிக்கொண்டு எடுக்காதீர்கள். மின்னிய பிறகு இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். முப்பதுக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கேமராவைத் தானாக எடுக்க விட்டுவிட்டு நீங்கள் அறைக்குள் தள்ளி உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

இனி, படம் ஏன் வெளிறியது என்பதற்கு வருவோம்.

இரவில் மின்னலைப் படமெடுக்கும்போது ஒரே படத்துக்குள் இரண்டு விதமான வெளிச்சம் பதிகிறது. நகர விளக்குகள் தொடர்ந்து எரிபவை. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு சேரும். மின்னலோ அரை வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஷட்டர் 5 வினாடி திறந்திருந்தாலும் 30 வினாடி திறந்திருந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் மாறாது. அதைத் தீர்மானிப்பவை லென்ஸின் திறப்பான அபர்ச்சரும் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்), சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வும் மட்டுமே. ஆகவே வரிசை இப்படி: முதலில் மின்னலுக்கு ஏற்ப அபர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும், அவற்றை முடிவு செய்த பிறகு, நகரம் சரியாகத் தெரியும் அளவுக்கு ஷட்டர் நேரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், இருட்டாக இருக்கிறதே என்று ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, நீங்கள் வந்து நின்ற இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 15 வினாடி என்பது நகர இரவுக்கு நல்ல தொடக்கம். எஃப் 3.5 அதைவிட ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஐ.எஸ்.ஓ. 800 எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால், மின்னல் கோட்டுக்குக் கிட்டத்தட்ட 42 மடங்கு வெளிச்சம் கூடுதல். ஷட்டர் நேரமும் இரட்டிப்பு என்பதால் நகரத்துக்கும் அதன் வெளிச்சம் பட்ட மேகத்துக்கும் 84 மடங்கு. எந்த சென்சாரும் அதைத் தாங்காது. மின்னல் கோடு நூலாக விழாமல் குழல் விளக்கு மாதிரி தடித்து, பக்கத்துக் கிளைகளை விழுங்கியிருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது.

தூரத்துக்கு ஏற்ப எண்களை மாற்ற வேண்டும். இடி 30 முதல் 60 வினாடிக்குள் கேட்டால், அதாவது 10 முதல் 20 கிலோமீட்டர் என்றால், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 15 வினாடி. அதைவிட நெருங்கினால் எஃப் 11, அதே ஐ.எஸ்.ஓ., 30 வினாடி. மிகவும் பக்கத்தில் விழுந்தால் எஃப் 16 வரை போகலாம். மின்னுகிறது, ஆனால் இடியே கேட்கவில்லை என்றால் 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அப்போது எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 4 வினாடி. இந்த மூன்றிலும் நகரத்தின் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், மின்னலின் வெளிச்சம் மட்டும் மாறும். முதல் நல்ல மின்னல் பதிந்ததும் படத்தைப் பெரிதாக்கி, அதன் நடுத்தண்டைப் பாருங்கள். நடுவில் வெள்ளை, ஓரத்தில் ஊதா சாயல், பக்கக் கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. முழுக்கத் தட்டையான வெள்ளையென்றால் அபர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடுங்கள், அதாவது எஃப் 8 என்றால் எஃப் 11.

மேகத்துக்குள் விடாமல் மின்னிக்கொண்டே இருக்கும் நாட்களில் 15 வினாடி அதிகம். ஒவ்வொரு மின்னலும் மேகத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்டிக்கூட்டி, கடைசியில் வானம் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். 5 வினாடிக்கு இறக்குங்கள். நகரம் இருண்டுதான் போகும். அதற்காகத்தான் மழை வருவதற்கு முன்பே, சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே நகரத்தை மட்டும் நான்கைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இது இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். பலத்த காற்று அடித்ததும் ஏரியா ஏரியாவாகக் கரண்ட் போய்விடும். அருமையான மின்னல் விழும் நேரத்தில் கீழே நகரமே இருக்காது. டிரைபாடை அசைக்காமல் இருந்தால் முன்பு எடுத்த படத்தோடு பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பாதி மின்னல் பதியாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மெனுவில் இருக்கும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற அமைப்பு ஆனில் இருந்தால், 30 வினாடிப் படத்துக்குப் பிறகு கேமரா ஷட்டரை மூடியபடியே இன்னொரு 30 வினாடி இருட்டுப் படம் எடுத்து அதைக் கழிக்கும். ஒரு மணி நேரத்தில் அரை மணி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று பொருள். அதை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்த காரணம், குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் இன்டர்வல் டைமர். கேமராவில் 15 வினாடி என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் உண்மையில் 16 வினாடி திறந்திருக்கும்; 30 என்பது 32. ஒரு ஷட்டர் தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம்வரை 16 வினாடி என்று டைமரை வைத்தால், முந்தைய படம் முடிவதற்குள் அடுத்த கட்டளை வந்து வீணாகும். ஒன்று விட்டு ஒன்று தவறும். டைமரை 18 என்று வைக்கலாம். அதைவிட எளிய வழி, விடாமல் படமெடுக்கும் கண்டினியூவஸ் மோடில் போட்டு, கேபிள் ரிலீஸின் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் வயர்) பொத்தானை அழுத்திப் பூட்டிவிடுவது. படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் விடுபடும். மணிக்குச் சுமார் 220 படம். ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்.பி. என்றால் ஆறேழு ஜி.பி. 32 ஜி.பி. கார்டும் முழுக்க சார்ஜ் ஆன பேட்டரியும் ஒரு மாலைக்குப் போதும்.

ஃபோகஸ் கையால்தான். வெளிச்சம் இல்லாத வானத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைச் சின்னப் புள்ளியாகக் கொண்டுவந்து, ஃபோகஸ் வளையத்தின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். கிட் லென்ஸில் வளையம் தளர்வாக இருக்கும், விரல் பட்டாலே நகர்ந்துவிடும். ஜூம் செய்தால் ஃபோகஸும் மாறும், ஆகவே படச்சட்டத்தை முடிவு செய்த பிறகு ஃபோகஸ். டிரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். முன்னால் மாட்டிய யூ.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள், தெருவிளக்குகளின் தலைகீழ்ப் பிம்பம் பச்சைப் புள்ளிகளாக வானத்தில் தெரிவது அதனால்தான்.

18 மி.மீ.-ல் எடுத்தால் நிறைய வானம் கிடைக்கும், மின்னல் தப்பாது என்று எல்லோருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மேகத்தின் அடிப்பகுதி ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மின்னல் பத்து கிலோமீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகத்துக்குக் கீழே நம் கண்ணுக்குத் தெரியும் கோட்டின் உயரம் 6 டிகிரிக்குள்தான். 18 மி.மீ. செங்குத்தாகப் பார்ப்பது ஏறக்குறைய 45 டிகிரி. படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, தீக்குச்சி அளவு. 35-க்குப் போனால் நாலில் ஒரு பங்கு, 55-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சென்னை பெரும்பாலும் தாழ்வான, பரந்த நகரம். அகல லென்ஸில் அது அடியில் ஒரு விளக்குக் கோடாகச் சுருங்கிவிடும். 35 மி.மீ.-ல் வைத்து, அடிவானத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், பத்து கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகம் அகலவாக்கில் முழுசாகவே அதற்குள் அடங்கும். தலைக்கு அருகே வந்த பிறகு 18-க்குத் திரும்பலாம்.

உங்களுக்கு எதிரே சதுப்பு நிலம் இருப்பது பெரிய வசதி. நடுவில் மறைக்கும் கட்டடம் இல்லை, தண்ணீர் நின்றால் மின்னலின் பிரதிபலிப்பும் விழும். திசையும் சரியான திசை. சென்னையில் மின்னலுக்கு ஏற்ற காலம் ஜூனிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்டு வருகிறது. மதியத்துக்கு மேல் வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், காய்ந்த தரையின் சூட்டில் மேகம் கோபுரமாக எழும்பும். வானிலை அறிக்கையில் வெப்பச்சலனம் என்று சொல்வது இதைத்தான். வேலூர், திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் மாலையில் உருவாகி, மேல்காற்றின் போக்கில் கிழக்கே நகர்ந்து, இரவில் சென்னைக்கு வந்து சேரும். அரக்கோணம் ரயில் பாதையில் சுமார் 70 கிலோமீட்டர். மேகம் மணிக்கு 30, 35 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் அவகாசம் இருக்கிறது.

இந்த அவகாசத்தை ரேடாரில் பார்க்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை டாப்ளர் ரேடார் படங்கள் அதன் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பயனில்லை. அடுத்தடுத்த படங்களைப் பார்த்து, திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, பெரிதாகிறதா, உடைகிறதா என்று கவனியுங்கள். மேக்ஸ் இசட் என்ற படத்தின் மேல்புறமும் வலப்புறமும் இருக்கும் பட்டைகளைப் பலர் பார்ப்பதே இல்லை. மேகத்தின் உயரம் அங்கேதான் தெரியும். 40 டிபிஇசட்டுக்கு (ரேடார் எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அளவு) மேற்பட்ட நிறம் ஏழெட்டு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினால் நல்ல மின்னல் இருக்கும். நம் ஊரில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனாலே உறைநிலை. அதற்கும் மேலே ஐஸ் துகளும் மென்மையான ஆலங்கட்டியும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது. தாழ்வான மேகம் எவ்வளவு கொட்டினாலும் மின்னாது. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடிய விடியப் பெய்தும் மின்னல் குறைவாக இருப்பது இதனால்தான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட தாமினி செயலி, 20 மற்றும் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். படமெடுக்க ஆயத்தமாகவும் உயிரைக் காத்துக்கொள்ளவும் இரண்டுக்கும் அது உதவும்.

மேகம் 30 கிலோமீட்டரில் இருக்கும்போது தொடங்கி, 10 கிலோமீட்டரை எட்டும்வரை இருக்கும் முக்கால் மணி நேரம்தான் நல்ல அறுவடை. மழைத் திரை இன்னும் உங்களுக்கும் மின்னலுக்கும் நடுவே வந்திருக்காது. பிறகு திடீரென்று புழுக்கம் விலகி, மண் வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று தரையில் பரவி முன்னே ஓடி வருகிறது. மழை அதன் பின்னால் சில நிமிடத்தில். அந்தக் காற்றில் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தியிருந்தால் படம் நடுங்கும், லேசான டிரைபாட் சாய்ந்தே விடும். நடுத்தண்டை முழுக்க இறக்கி, கால்களை அகட்டி, ஒரு பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். பை தரையை லேசாகத் தொடட்டும். அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஆட்டம் கொடுக்கும்.

மழை வந்ததும் கதவைச் சாத்திவிட்டு கண்ணாடி வழியே எடுக்க நினைத்தால், லென்ஸ் முனையைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துங்கள். ஆனால் பெரும்பாலும் அப்போது வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும். பேசாமல் பொறுத்திருங்கள். மேகம் நகரைக் கடந்து கடலுக்குப் போன பிறகு கிழக்குப் பார்த்த வீடுகளின் முறை வரும். காற்று கழுவி விட்டது போலச் சுத்தமாக இருக்கும். கடலுக்கு மேலே மேகம் உள்ளுக்குள்ளேயே ஒளிர, கீழே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள். கிழக்குப் பக்கத்து ஜன்னல் இருந்தால் டிரைபாடை அங்கே மாற்றுங்கள்.

ஏசி அறையில் இருந்த கேமராவை நேரே கதவருகே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும், முதல் இருபது நிமிடம் போச்சு. மேகம் அரக்கோணத்தில் இருக்கும்போதே கேமராவைப் பையோடு ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். துடைத்துத் துடைத்து எடுப்பதால் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை மறுபடி படரும். கடற்கரையோரம் என்றால் உப்புப் படலமும் சேரும்; விளக்குகளைச் சுற்றி மங்கலாக வட்டம் தெரிந்தால் அதுதான். ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

பகலில் இதே முறை நடக்காது. ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைக்க முடியாது. வெளிச்ச மாற்றத்தை உணர்ந்து ஷட்டரைத் தட்டும் லைட்னிங் டிரிகர் வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். ஒரு மின்னல் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் மூன்று நான்கு அடிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 40, 50 மில்லி வினாடி. கிளைகள் நிறைந்திருப்பது முதல் அடியில். ஷட்டர் திறக்கத் தாமதமாகும் கேமரா அதைத் தவறவிட்டு, அடுத்த அடிகளின் மொட்டைத் தண்டை மட்டும் பிடிக்கும். டிரிகரில் எடுத்த மின்னலுக்குக் கிளையே இல்லை என்று குறைபடுபவர்களுக்குக் காரணம் இதுதான்.

போன் மட்டும் இருந்தால், புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 100, 4 வினாடி, ஃபோகஸ் முடிவிலி, சின்ன டிரைபாட். பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாறாது, எப்போதும் அகலத் திறந்தே இருக்கும் என்பதால் தூரத்து மின்னலுக்கே பொருந்தும். வீடியோவில் எடுத்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்தால் பாதிப் படம் பிரகாசமாகவும் பாதி இருட்டாகவும் வெட்டுப்பட்டு வருவதுண்டு. சென்சார் வரி வரியாகப் படிக்கிறது, நடுவில் மின்னி முடிந்துவிடுகிறது.

பிறகு கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ராவில் எடுத்திருந்தால் ஒயிட் பேலன்ஸை 3800 முதல் 4200 கெல்வினுக்குள் வைத்துப் பாருங்கள். மேகத்தின் காவி நிறம் குறைந்து மின்னலின் நீலம் மீளும். நான்கைந்து படங்களின் மின்னலை ஒரே படத்தில் சேர்க்க விரும்பினால், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லைட்டன் முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் கூடியதை மட்டும் எடுக்கும் முறை) இணைக்கலாம். டிரைபாட் அசையாத படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மேகம் நகர்ந்திருக்கும் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். பகிரும்போது இத்தனை படங்களைச் சேர்த்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.